அம்மாவுக்கு ஓர் இடம்: கோவையில் மூன்று வாரம்

இந்த முறை ஊருக்குப் போனது கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ அல்ல. அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். வயது 77. நியூ ஜெர்சியிலிருந்து கோவை போய்ச் சேர்வதற்குள் ஆபரேஷனே முடிந்துவிட்டது. பாதி மூட்டு மாற்றி, மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவும் வைத்துவிட்டார்கள். ஆறாம் நாள் டிஸ்சார்ஜ் என்றார்கள். எங்கள் வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அக்கா ஈரோட்டில் வேலைக்குப் போகிறவள். எனக்கு லீவு மூன்று வாரம். அம்மாவை நடக்கப் பழக்கி அனுப்பும் இடம் ஒன்று, ஆறு வாரத்துக்காவது, வேண்டியிருந்தது.

முதல் சிக்கல் பெயரில். அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்றால் வயதானவர்கள் தங்கும் இடம். நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் டாக்டர் தம்பதி நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி. பிரசவமும் குடல்வால் ஆபரேஷனும் நடக்கும். சரி, ரீஹாப் சென்டர் என்று விசாரித்தேன். "யாருங்க, தம்பியா? ரொம்ப நாளா குடிங்களா?" என்று பரிவாகக் கேட்டார் மருந்துக்கடைக்காரர். முதியோர் இல்லம் என்ற சொல்லையோ அம்மா காதுபட உச்சரிக்க முடியாது. "எங்கியாச்சும் கொண்டி உட்டுட்டு பிளேன் ஏறீராத கண்ணு" என்று ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியாயிற்று. கடைசியில் "பிசியோ ஆஸ்பத்திரி" என்று சொல்லித்தான் கூட்டிப்போனோம்.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர்காரர்கள் 2008 முதல் ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் போட்டு வெளியிடுகிறார்கள். இன்ஸ்பெக்‌ஷனில் என்ன குறை கண்டார்கள், நர்ஸ் எத்தனை பேர் என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஐந்து நட்சத்திரத்தை நம்பி நொந்தவர்களும் உண்டு, அது வேறு கதை. இங்கே எனக்குக் கிடைத்தது கூகுள் மேப் நட்சத்திரமும் பெரியப்பா மகனின் அபிப்பிராயமும்தான். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களுக்கான பதிவுச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. அந்தப் பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று போன இடமெல்லாம் கேட்டேன். நான்கில் இரண்டு இடத்தில் காட்டினார்கள். ஒரு இடத்தில் டிரஸ்ட் பத்திரத்தை நீட்டினார்கள். இன்னொரு இடத்தில் "மேனேஜர் வரட்டும் சார்".

முதலில் பார்த்தது ஓட்டல் மாதிரி இருந்தது. வரவேற்பில் மல்லிகை வாசம், சுவர் முழுக்கச் சிரிக்கும் தாத்தா பாட்டிகள். பிசியோ ஹாலில் நடக்கப் பழகும் இணைக் கம்பிகள் பளபளத்தன. கம்பியைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. அதைக்கூட மன்னித்திருப்பேன். பக்கத்து அறையில் பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு பெரியவரின் கட்டிலில் தாள் ஒன்று மாட்டியிருந்தது. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் போட வேண்டும், போட்டதும் அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டும். நான் பார்த்தபோது மாலை நாலரை. இரவு பத்து மணி வரைக்கும் கையெழுத்து விழுந்திருந்தது, எல்லாம் ஒரே பேனாவில். காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். சாப்பிடவில்லை.

இரண்டாவது இடத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். டாய்லெட் இருக்கை முழங்காலுக்கும் கீழே. மூட்டு மாற்றியவர்கள் தாழ்வாக உட்காரக் கூடாது என்பதைத்தான் எலும்பு டாக்டர் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார்.

மூன்றாவது, சாயிபாபா காலனிப் பக்கம் ஒரு பழைய வீடு. 18 கட்டில். பெயின்ட் உரிந்திருந்தது. பகலில் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் இரவு ஒன்பதரைக்கு மறுபடி போனேன். வாட்ச்மேன் முனகிக்கொண்டே கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு சிஸ்டர், மூன்று அட்டெண்டர், யாரும் தூங்கவில்லை. என்ன படித்தீர்கள் என்று சிஸ்டர்களிடம் கேட்டேன். வெள்ளை யூனிஃபார்ம் போட்டவர் எல்லாம் நர்ஸ் இல்லை. ஆறு மாசக் கோர்ஸ் முடித்தவரும் அதையேதான் போடுகிறார். ஒருவர் ஜிஎன்எம் என்கிற மூன்று வருஷ நர்சிங் டிப்ளமா, மற்றவர் ஏஎன்எம் என்கிற துணை நர்ஸ் படிப்பு. அட்டெண்டர்களில் ஒரு பெண் ஒடிசாவிலிருந்து வந்தவள். பாட்டி ஒருவர் முனகியதும் ஓடிப்போய் "ஒண்ணுக்கா? வலியா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது தெரிந்த தமிழ் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முக்கியமான இரண்டையும் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த இடத்தையே முடிவு செய்தோம். நான்காவது இடத்தையும் கடமைக்குப் போய்ப் பார்த்தேன், எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

பணக் கணக்கு. மாதம் 42,000 என்று தொடங்கியது பேச்சு. டயபர் தனி, பிசியோ தனி, டாக்டர் வந்து பார்த்தால் தனி, துணி துவைக்கக்கூடத் தனி. எல்லாம் சேர்த்து ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னபோது 61,000 ஆயிற்று. எழுதி வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். மெடிக்ளெய்ம் இதற்கு உதவவில்லை. ஆஸ்பத்திரி என்று ஒத்துக்கொள்ளவே பெரிய ஊரில் 15 படுக்கை, ஆபரேஷன் தியேட்டர், இருபத்துநாலு மணி நேர டாக்டர் என்றெல்லாம் பாலிசி கேட்கிறது. இந்த வீட்டில் கட்டில் இருக்கிறது, தியேட்டருக்கு எங்கே போக?

சேர்த்த முதல் வாரம் அம்மா என்னோடு பேசவில்லை. பிசியோ பையனோடு மட்டும் பேசினார், அதுவும் அவன் சூலூர்க்காரன் என்று தெரிந்த பிறகு. பத்தாம் நாள் வராந்தாவின் அந்தக் கோடி வரை வாக்கரோடு போய்த் திரும்பினார். வந்து உட்கார்ந்ததும், "ரசத்துல பூண்டே போடறதில்லீங்க இவங்க" என்று சிஸ்டரிடமே புகார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அம்மாவின் மேல்செட் பல்லைக் காணோம். சாப்பாட்டுத் தட்டோடு கழுவப் போய்விட்டது என்கிறார்கள். புதுசு கட்டும் செலவில் பாதியைக் கழித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள், பில்லில் இன்னும் கழியவில்லை. அக்கா வாரம் இரண்டு முறை போகிறாள், ஒவ்வொரு முறையும் வேறு நேரத்தில். போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய் நின்றிருக்கிறாள். வாட்ச்மேன் கதவைத் திறந்துகொண்டே, "உங்க வீட்டுல யாரும் தூங்கவே மாட்டீங்களாம்மா?" என்றாராம்.