ஒரே கிதார், இரண்டு ‘சோல் மேன்’

‘சோல் மேன்’ பாட்டுக்கு இரண்டு பதிவுகள். அமெரிக்கப் பாடகர் ஜோடி சாம் அண்ட் டேவ் 1967-இல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் பதிவுசெய்தது ஒன்று. ப்ளூஸ் பிரதர்ஸ் இசைக்குழு 1978-இல் லாஸ் ஏஞ்சலஸ் மேடையில் வாசித்தது இன்னொன்று. இரண்டிலும் கிதார் ஸ்டீவ் கிராப்பர், பேஸ் டொனால்ட் ‘டக்’ டன்.

முதலாவதில் கிராப்பர் சிகரெட் லைட்டரைக் கம்பிமேல் வழுக்கவிட்டு வாசித்திருக்கிறார். அந்தச் சின்ன இழுப்பு வந்ததும் சாம் மூர், “வாசி, ஸ்டீவ்!” என்று கத்துகிறார். சந்தோஷம் தாங்காமல் வந்த கூச்சல் மாதிரி இருக்கும். பதினோரு வருஷம் கழித்து ப்ளூஸ் பிரதர்ஸ் பாடகர் ஜான் பெலுஷியும் அதையே கத்துகிறார். ஆனால் இப்போது அது வசனம், ரசிகர்கள் காத்திருந்து கேட்பது.

அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசையில் பழையது 2-ஆம் இடம், புதியது 14. மேடை ஆரவாரம் பிடித்தவர்களுக்குப் புதியது சரி. கிதாரைக் கேட்க எனக்குப் பழையதுதான்.