தெம்பு "இல்லவே இல்ல"ன்னா மார்க் எவ்வளவு?

கேன்சர் பேஷண்ட்டோட வாழ்க்கைத்தரத்த அளக்க ரெண்டு கேள்வித்தாள்தான் ரொம்ப புழக்கம். ஐரோப்பாவோட ஈஓஆர்டிசி சி30, அமெரிக்காவோட ஃபேக்ட்-ஜி, ரெண்டும் 1993-ல வந்ததுதான். அதுல 30 கேள்வி, இதுல 27 வாக்கியம், கேக்குறது போன ஒரு வாரத்த பத்தி. தமிழ் வடிவம் ரெண்டுக்கும் இருக்கு, ஆனா மண்டபம், பாம்பன் பக்கம் கேள்வி கேக்கப்போற நாமதான் பேஷண்ட்டுக்கு வாசிச்சு காட்டணும், வாசிக்கும்போது அச்சுத்தமிழ் தன்னால பேச்சுத்தமிழா மாறிடும், சிக்கலே அங்கதான்.

ஃபேக்ட்-ஜில முதல் வாக்கியமே தெம்பு குறைவ பத்தினது. கடல்பாசி எடுக்குற ஒரு அம்மாகிட்ட "எனக்கு தெம்பு இல்ல, இது எவ்வளவு உண்மை"ன்னு கேட்டேன், "இல்லவே இல்லப்பா, எந்திரிக்கவே முடியல"ன்னாங்க. தாள்ல "இல்லவே இல்லை"ன்னா 0, அதாவது அந்த குறையே கிடையாதுன்னு அர்த்தம்! குறைய பத்தின வாக்கியம்ங்கிறதால மார்க்க திருப்பி போடுவாங்க, 0-ன்னா படுத்து கெடக்குறவங்களுக்கு ஃபுல் மார்க். "தெம்புக்குறைவு"ன்னு வாசிச்சா தப்பில்ல, ஆனா யாரு அப்படி பேசுறா.

சி30 நேரா கேள்வியா கேக்குது, "அசதியா இருந்துச்சா?", அவ்ளோதான். ஆனா அதுல முதல் கேள்வியில கனமான கடைப்பை, சூட்கேஸ் வரும். இங்க தண்ணிக்கொடம்னா பொம்பளைங்களுக்கு டக்குனு புரியும், ஆம்பளைங்க "கொடம் நான் எதுக்கு தூக்கப்போறேன்"னு சிரிப்பாங்க, ஐஸ்பெட்டின்னாதான் ஆகும். அதுக்காக நம்ம இஷ்டத்துக்கு மாத்தவும் முடியாது, ரெண்டு பேர் தனித்தனியா மொழிபெயர்த்து, ஒண்ணா சேர்த்து, திரும்ப இங்கிலீஷுக்கு கொண்டுபோய், பத்து பதினஞ்சு பேஷண்ட்கிட்ட கேட்டு பாத்து, அனுமதியும் வாங்கணும்.

சொந்தபந்தம் தாங்குதான்னு கேக்குறதுல ஃபேக்ட்-ஜி தான் மேல, சி30 அத லேசா தொட்டுட்டு போயிடும். ஆனா அதே பகுதியில தாம்பத்ய சந்தோஷம் பத்தி ஒரு வாக்கியம் இருக்கு, விருப்பமில்லன்னா விட்டுடலாம்தான், அதையும் மருமக பக்கத்துல உக்காந்திருக்கும்போது வாசிக்கணுமே.

எனக்கு இந்த கரைக்கு சி30தான். காரணம் 28-வது கேள்வி, உடல்நிலையாலயோ வைத்தியத்தாலயோ பணக்கஷ்டம் வந்துச்சான்னு கேக்கும், ஃபேக்ட்-ஜில அது இல்ல. ஒரே எச்சரிக்கை, ஏப்ரல் 15-லேருந்து 61 நாள் மீன்பிடி தடைக்காலத்துல விசைப்படகு வீட்டுல கேட்டா எல்லாரும் "ரொம்ப அதிகம்"னுதான் சொல்வாங்க, "உடல்நிலையால"ங்கிற வார்த்தைய ரெண்டு தடவ அழுத்தி வாசிங்க.