பப்ளிஷரா, சொந்த வெளியீடா: கடைமடைக்கு எவ்வளவு வரும்?

கும்பகோணத்தில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் இரண்டரை வருடம் உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்தோம். மதகுகளைத் திறந்து மூடி, வாய்க்கால் வழியே கடைசி வயல்வரை தண்ணீர் கொண்டுபோக வேண்டிய புதிர் விளையாட்டு. பாதி வேலை முடிந்திருந்தபோது ஐரோப்பாவிலிருந்து ஒரு பப்ளிஷர் பேச வந்தார். 20 லட்சம் ரூபாய் முன்பணம், விளம்பரத்துக்கு 15 லட்சம், அப்புறம் லாபத்தில் பாதிக்குப் பாதி. சேமிப்பைப் போட்டு, கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் நாங்களே வெளியிடுவது இன்னொரு வழி. இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். எங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு இன்றும் அதையே சொல்வேன்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். பப்ளிஷர் வந்தால் பணம், விளம்பரம், மொழிபெயர்ப்பு, சோதனை எல்லாம் அவர்கள் பாடு. தனியாக இறங்கினால் எல்லாம் நம் தலையில். ஸ்டீமில் ஒரு கேமை ஏற்ற 100 டாலர் கட்டணம்; வருமானம் 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். விற்பனையில் ஸ்டீம் எடுப்பது 30 சதவீதம். ஒரு கோடி டாலருக்கு மேல் விற்றால் 25, ஐந்து கோடிக்கு மேல் 20 என்று 2018-இல் குறைத்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு 30-தான்.

பப்ளிஷர் எதற்கு இவ்வளவு செலவு செய்கிறார் என்பது பெரிய கேம்களைப் பார்த்தால் புரியும். 2009-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' கேமைச் செய்ய ஆனது 4 முதல் 5 கோடி டாலர். விளம்பரம், டிஸ்க் தயாரிப்பு, விநியோகம் எல்லாம் சேர்த்த மொத்தச் செலவு 20 கோடி டாலர் என்று அப்போது 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' எழுதியது. செய்தவர்கள் கைக்குப் போனது கால்வாசி. மீதி முழுக்க அதை மக்களிடம் கொண்டுசேர்த்த செலவு. பிற்காலத்தில் கேமைச் செய்யும் செலவும் ஏறிவிட்டது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் மீதான அமெரிக்க வழக்கில் சோனி கொடுத்த ஆவணத்தில் மறைக்க வேண்டிய எண்களை மார்க்கரால் சரியாக மறைக்காததால் அவை வெளியே தெரிந்துவிட்டன. சோனியின் 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' கேமைச் செய்ய 21.2 கோடி டாலர், 5 வருடம், 300 பேர். அவ்வளவு பேருக்கு 5 வருடச் சம்பளம் என்றால் பணம் போன இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கேம் செய்யும் ஸ்டுடியோவும் பப்ளிஷரும் ஒரே வீடு. எந்தப் பையிலிருந்து எந்தப் பைக்குப் போனாலும் சோனியின் பணம்தான். இரண்டும் வேறு வேறு வீடாக இருக்கும்போதுதான் கழிவு வரிசை, அதாவது வரும் பணத்தில் யார் எதை முதலில் கழித்துக்கொள்வது என்பது, பெரிய விஷயமாகிறது.

எனக்கு அதைப் புரியவைத்தவர் என் மாமா. தலைஞாயிறு பக்கம் விவசாயம். கேம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னதும், "அதெல்லாம் சரி மாப்ள, முறை யாருக்கு முதல்ல?" என்றார். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விட்டாலும், தலைமடைக்காரர்கள் பாய்ச்சி முடித்த பிறகுதான் அவர் வயலுக்குத் தண்ணீர். எத்தனை கன அடி திறந்தார்கள் என்று அவர் கேட்பதே இல்லை. தனக்கு முன்னால் எத்தனை மதகு என்றுதான் கேட்பார்.

அந்தக் கேள்வியோடு ஒப்பந்தத்தை மறுபடி படித்தோம். 500 ரூபாய் விலை, வரியும் ரீஃபண்டும் கணக்கில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் எடுத்தது போக ஒரு பிரதிக்கு 350 ரூபாய் நிற்கும். 10,000 பிரதி விற்றால் 35 லட்சம். முன்பணம் 20, விளம்பரம் 15 என்று பப்ளிஷர் தன் 35-ஐ முதலில் எடுத்துக்கொள்வார். முன்பணம் கேம் செய்த செலவுக்கே சரியாகிவிடும், எங்களுக்கு அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. அதே 10,000-ஐ நாங்களே விற்றால், செய்த செலவு 20 லட்சமும் எங்கள் சின்ன விளம்பரச் செலவு 2 லட்சமும் போக 13 லட்சம் கையில். அவர்கள் வழியில் அந்த 13 லட்சம் வர வேண்டுமென்றால் சுமார் 17,400 பிரதி விற்றாக வேண்டும். 15 லட்சம் விளம்பரத்துக்கு அது முடியாத காரியம் இல்லை. அதனால் இதுவரை இரண்டு பக்கமும் நியாயம்தான்.

முடிவை மாற்றியது ஒரே ஒரு வரி. செலவு "மொத்த நிகர வருமானத்திலிருந்து" கழிக்கப்படும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எழுதியிருந்தது "டெவலப்பரின் பங்கிலிருந்து", அதாவது கேம் செய்த எங்கள் பங்கிலிருந்து, என்று. முதல் பிரதியிலிருந்தே பாதி அவர்களுக்கு. எங்கள் பாதியிலிருந்துதான் அந்த 35 லட்சமும் கழியும். இப்படிப் போட்டால் அதே 13 லட்சத்துக்கு 27,400 பிரதி விற்க வேண்டும். ஒரு சொல் மாறியதில் 10,000 பிரதி கூடிவிட்டது. அதோடு, விளம்பரச் செலவுக்கு உச்சவரம்பு எங்கும் எழுதப்படவில்லை. 15 லட்சம் என்பது பேச்சில் மட்டும். அவர்கள் 25 லட்சம் செலவழித்தால் அதுவும் எங்கள் பாதியிலிருந்துதான் போகும். அப்போதும் எங்கே, எதற்குச் செலவு செய்வது என்பதில் எங்களுக்கு வாய் கிடையாது. இரண்டையும் மாற்றக் கேட்டோம். உச்சவரம்புக்குச் சம்மதித்தார்கள், அந்த வரியை மாற்றவில்லை. வணங்கிவிட்டு வந்துவிட்டோம்.

இது சின்னவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு அதன் பப்ளிஷர் பெதஸ்டாவுடன் இருந்த ஒப்பந்தத்தில் ராயல்டியே இல்லை, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 மதிப்பெண் வந்தால் போனஸ் மட்டும். 84 வந்தது. இதைப் பிறகு அந்த நிறுவனத்தின் கிறிஸ் அவெலோனே வெளியில் சொன்னார். நன்றாக விற்ற கேம் அது. இன்றும் எனக்கு அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

ஒப்பந்தம் கையில் வந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. ஸ்வீடனின் ரா ஃப்யூரி என்ற பப்ளிஷர் நிறுவனம் 2021-இல் தன் ஒப்பந்த மாதிரியைப் பொதுவில் வைத்தது. கழிவு வரிசை எப்படி எழுதப்படுகிறது என்று அதில் பார்க்கலாம். எங்களுக்கு அது பெரிய உதவி.

பப்ளிஷர் பக்கம் நியாயமும் இருக்கிறது. 2,000 பிரதிதான் விற்கிறது என்று வையுங்கள். பப்ளிஷரோடு போயிருந்தால் 20 லட்சம் முன்பணம் நம்மிடமே நிற்கும். எங்கள் ஒப்பந்தத்திலும் கேம் ஓடாவிட்டால் திருப்பித் தர வேண்டாம் என்றே இருந்தது. தனியாகப் போயிருந்தால் 7 லட்சம் வந்து 15 லட்சம் போயிருக்கும். எங்கள் மூவரில் ஒருவனுக்கும் அப்போது கடன் இல்லை, இருவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக் கடன் கட்டுபவராக இருந்தால் நான் முன்பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்வேன். பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலுக்கு மாற்றுவது, ஜப்பானிய, சீன மொழிகளில் வெளியிடுவது, இவற்றில் எங்களுக்கு அனுபவம் இல்லை. அங்கே பப்ளிஷரின் கை பலமாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

எங்கள் கேம் 6,300 பிரதியைத் தொட்டபோது போட்ட பணம் திரும்பியது. அதற்குப் பதினான்கு மாதம் ஆனது. தீபாவளித் தள்ளுபடியில் வந்த விற்பனை, இலவச டெமோவைப் பார்த்து 'பிறகு வாங்கலாம்' என்று பலர் குறித்துவைத்த விஷ்லிஸ்ட், இவைதான் பெரும்பாலும் காரணம். கனடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து 'வெண்பா' செய்த டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் தானே வெளியிட்டு, அடுத்த வருடம் அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. அந்த அளவெல்லாம் எங்களுக்கு இல்லை. ஆனால் அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

அடுத்த கேமுக்கு ஒரு பப்ளிஷரோடு பேசிக்கொண்டிருக்கிறோம், கன்சோல் உரிமைக்கு மட்டும். விளம்பரச் செலவின் உச்சவரம்பு எண்ணாகவே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், கழிவு மொத்த வருமானத்திலிருந்துதான் போக வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.