இளநிலை மதிப்பெண்ணும் எம்.பி.ஏ. விண்ணப்பமும்: நாகர்கோவில் வழிகாட்டி நிலையம் ஒன்றில் நான்கு மாதங்கள்

எம்.பி.ஏ. படிப்புக்கு விண்ணப்பிக்க உதவுவதாகக் கூறும் வழிகாட்டி நிலையங்கள் நாகர்கோவிலில் சில இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் கடந்த ஆண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை, இரண்டு தவணையாக 22,000 ரூபாய் கட்டி, நான் சேவை பெற்றேன். நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே எனக்கு நல்லதும் நடந்தது, நல்லதல்லாததும் நடந்தது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை எம்.பி.ஏ. நடத்தும் வணிகப் பள்ளியின் முன் எப்படி வைப்பது என்ற ஒரே கேள்வியோடு அங்கே போனவள் நான் என்பதால், அந்தக் கேள்வியை அவர்கள் கையாண்ட விதத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். 2016 முதல் 2020 வரை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஒரு கல்லூரியில் பொறியியல் படித்தேன். இறுதி சி.ஜி.பி.ஏ., அதாவது எல்லா செமஸ்டர்களையும் சேர்த்த சராசரிப் புள்ளி, 10-க்கு 6.9. மூன்றாம் செமஸ்டரில் மூன்று பாடங்களில் அரியர் விழுந்தது; அவற்றுள் ஒன்று கணிதம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் கடற்கரையைத் தாக்கியபோது என் அப்பா ஆழ்கடலில் இருந்தார். தேர்வுகள் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் வீட்டில் மின்சாரம் இல்லை, அப்பாவைப் பற்றிய செய்தியும் இல்லை. குழித்துறை ரயில் நிலையத்தில் மீனவக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மறியல் செய்தபோது என் அம்மாவும் அங்கே உட்கார்ந்திருந்தார். அப்பாவின் படகு லட்சத்தீவில் ஒதுங்கியிருந்தது. அவர் நலமாகத் திரும்பி வந்தார். அடுத்த முயற்சியிலேயே மூன்று பாடங்களையும் முடித்தேன். பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தேன். இவ்வளவையும் முதல் சந்திப்பிலேயே நிலையத்தின் ஆலோசகரிடம் சொன்னேன்.

இரண்டாவது சந்திப்பில் அவர் நிரப்பிக் காட்டிய மாதிரி விண்ணப்பத்தில், என் 6.9 இருக்க வேண்டிய இடத்தில் 3.4 என்று இருந்தது. அமெரிக்கப் பள்ளிகள் 4 புள்ளி அளவைப் பயன்படுத்துவதால் ஒரு அட்டவணையைப் பார்த்து மாற்றியதாக அவர் விளக்கம் சொன்னார். அந்த அட்டவணையை எந்தப் பல்கலைக்கழகம் வெளியிட்டது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6.9-ஐப் பத்தால் வகுத்து நான்கால் பெருக்கினால் 2.76 வருகிறது. அவர் எழுதியது என் மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டுகிறது. இந்த நேர்க்கணக்கோ தாழ்த்திக் காட்டுகிறது, ஏனென்றால் நம் பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கு அறுபது வாங்கினால் அது பொதுவாக முதல் வகுப்பு, அமெரிக்கக் கல்லூரிகளிலோ அதே அறுபது தோல்வியின் விளிம்பு. இரண்டு எண்ணுமே என் மதிப்பெண் பட்டியலில் இல்லாதவை. நான் விண்ணப்பித்த அமெரிக்கப் பள்ளிகளின் படிவத்தைப் பொறுமையாகப் படித்தபோது, மதிப்பெண் எந்த அளவில் தரப்பட்டதோ அதே அளவில் எழுதவும், நீங்களாக மாற்ற வேண்டாம் என்றே குறிப்பு இருந்தது. அளவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 10 என்பதும் இருந்தது. மாற்றித் தர வேண்டும் என்று கேட்கும் பள்ளிகள், வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ் போன்ற மதிப்பீட்டு அமைப்பின் அறிக்கையைத்தான் கேட்கின்றன. விண்ணப்பதாரரோ ஆலோசகரோ போடும் கணக்கை அல்ல.

இந்தியப் பள்ளிகளுக்கு இதிலும் தெளிவான விதி இருக்கிறது. ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் சேர்வதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பட்டப்படிப்பில் குறைந்தது 50 விழுக்காடு வேண்டும்; பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45. சி.ஜி.பி.ஏ.-வை விழுக்காடாக மாற்றப் பல்கலைக்கழகம் தரும் விதியே செல்லும். பல்கலைக்கழகம் அப்படி எதையும் உறுதிப்படுத்தவில்லை என்றால் பெற்ற சி.ஜி.பி.ஏ.-வை உச்ச அளவால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். ஆலோசகருக்கு இது தெரிந்திருந்தது, சரியாகவும் சொன்னார். ஆனால் செமஸ்டர் ஜி.பி.ஏ.-க்களைக் கூட்டி எட்டால் வகுத்து ஒரு சராசரியும் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு செமஸ்டருக்கும் கிரெடிட், அதாவது பாடங்களுக்குத் தரப்படும் எடை, வேறு வேறாக இருக்கும்போது அந்தச் சராசரி சி.ஜி.பி.ஏ. ஆகாது என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்டிய பிறகே ஒத்துக்கொண்டார்.

என் பக்கத்து நாற்காலியில் காத்திருந்த பெண்ணின் சிக்கல் வேறு. அவர் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரியில் பி.காம். முடித்தவர். நம் கலைக் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடங்களும் துணைப் பாடங்களும் என்று மதிப்பெண் பிரிந்து வருவது எல்லோருக்கும் தெரியும். அவருடைய விண்ணப்பத்தில் பகுதி மூன்றின் விழுக்காட்டை மட்டும் எடுத்து மொத்த விழுக்காடு என்று நிரப்பியிருந்தார்கள். அவர் தமிழில் எடுத்த மதிப்பெண் அதைவிட நல்ல மதிப்பெண். அது கணக்கிலேயே வரவில்லை. படிவம் கேட்பது எல்லாப் பாடங்களின் கூட்டா, முதன்மைப் பாடங்களின் கூட்டா என்பதை ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகப் பார்த்து நிரப்ப வேண்டிய வேலை இது. நான் சொன்ன பிறகுதான் அவர் திருத்தக் கேட்டார். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சேவையில் இதைப் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டியிருந்தது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அரியர் விஷயத்தில் நிலையம் சொன்ன ஆலோசனையை நான் முழுமையாக மறுக்கிறேன். "கேட்டால் மட்டும் சொல்லுங்கள், இல்லையென்றால் யாருக்கும் தெரியாது" என்றார்கள். தெரியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். மூன்றாம் செமஸ்டர் பாடத்துக்கு எதிரே 2017-க்குப் பதில் 2018 என்று இருந்தால், நம் நாட்டு மதிப்பெண் பட்டியல்களை ஆண்டுதோறும் படிப்பவருக்கு அது ஒரே பார்வையில் புரிந்துவிடும். அதுவும் போக, இடம் கிடைத்த பிறகு விண்ணப்பத்தில் எழுதியதையும் பல்கலைக்கழகத்தின் ஆவணத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது பல பள்ளிகளில் வழக்கம். அங்கே பொருந்தாமல் போனால் கிடைத்த இடமே போய்விடும்.

மதிப்பெண் குறைவை விளக்குவதற்கென்று பல பள்ளிகள் ஒரு விருப்பக் கட்டுரைக்கு இடம் தருகின்றன. அதற்காக நிலையம் எழுதித் தந்த வரைவைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையான வலி ஏற்பட்டது. அறுநூறு சொற்கள். அப்பாவின் படகு மூழ்கியதாகவும், குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிட்டதாகவும் அதில் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் அந்தப் புயலில் உண்மையாகவே திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் துயரத்தை என் மதிப்பெண்ணுக்குச் சாக்காக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்பா வந்தாச்சு மக்களே, பின்ன எதுக்கு இப்படி எழுதணும்?" என்று கேட்டார். வரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நானே ஐந்து வாக்கியம் எழுதினேன்: எந்த செமஸ்டர், எத்தனை பாடம், அந்த வாரங்களில் வீட்டில் என்ன நிலைமை, அவற்றை எப்போது முடித்தேன், அதன் பிறகு மதிப்பெண் எப்படி ஏறியது. கணிதத்தில் விழுந்த அரியரைப் பற்றி நான் வாதாடவில்லை. வெளிநாட்டு வணிகப் பள்ளிகள் பார்க்கும் நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் கணிதப் பகுதி 60 முதல் 90 வரையான அளவில் மதிப்பிடப்படுகிறது. அதில் நான் எடுத்த 84 அந்த வேலையைச் செய்யட்டும் என்று ஒரே ஒரு வரியில் அதைச் சுட்டினேன்.

இனி, அந்த நிலையத்தில் நான் மனமார நன்றி சொல்ல வேண்டிய பகுதி. ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். ஒரு கல்லூரி அலுவலகத்தில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். பல்கலைக்கழகம் தரும் அதிகாரபூர்வ மதிப்பெண் ஆவணமான டிரான்ஸ்கிரிப்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது, எத்தனை பிரதி கேட்பது, முத்திரையிட்ட உறையில் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டியது எது, நானே பதிவேற்றலாம் என்பது எது என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். அதைவிடப் பெரிய உதவி என் பெயரில் இருந்த சிக்கலை அவர் கண்டுபிடித்தது. பட்டச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு இப்படித்தான் இருக்கும், நாம் அதைக் கவனிப்பதே இல்லை. இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து, எல்லா ஆவணங்களோடும் இணைக்கச் சொன்னார். மதிப்பீட்டு அமைப்பு என் கோப்பைத் திறந்தபோது முதலில் கேட்ட கேள்வியே அதுதான்; பதில் கையில் தயாராக இருந்ததால் ஒரு நாள்கூடத் தாமதம் ஆகவில்லை. செப்டம்பரில் முதல் சுற்று முடியும் பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் இந்த ஆவண வேலையை ஜூன் மாதமே தொடங்கிவிட வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 22,000 ரூபாயில் படிவம் நிரப்புதல், கட்டுரை, ஆவணம், நேர்காணல் பயிற்சி எல்லாம் சேர்ந்திருக்கிறது. நேர்காணல் பயிற்சி பரவாயில்லை. படிவத்தையும் கட்டுரையையும் கடைசியில் நானே செய்துகொண்டேன். ஆவண உதவியை மட்டும் தனியாகப் பெற முடியுமா என்று விடைபெறும்போது கேட்டேன்; 6,000 ரூபாய்க்கு முடியும் என்றார்கள். விளம்பரப் பலகையிலும் கட்டண அட்டையிலும் அப்படி ஒன்று குறிப்பிடப்படவில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். ஆகவே போகிறவர்கள் முதல் நாளே அதைக் கேளுங்கள். பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரையான மதிப்பெண் பட்டியல்களின் அசலையும் பாஸ்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள். அந்தப் பெரியவர் காலை பத்து மணி முதல் மதியம் ஒரு மணி வரை மட்டுமே இருப்பார்.