பழைய காரின் எம்ஓடி வரலாறு: பிரிட்டன் அரசின் இலவசச் சேவை பற்றி ஒரு மதிப்புரை

பிரிட்டனில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய காரை வாங்க நினைப்பவர், விற்பவரைத் தொலைபேசியில் அழைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எம்ஓடி என்பது வண்டி சாலையில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் கட்டாயச் சோதனை; அரசு இணையதளத்தில் அதன் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, விளம்பரப் படத்தில் தெரியும் பதிவெண்ணை இட்டால், அந்த வண்டி சோதனைக்குப் போன விவரம் முழுவதும் கட்டணமில்லாமல் சில நொடிகளில் வந்துவிடும். ஒவ்வொரு சோதனையிலும் வண்டி தேறியதா, எத்தனை மைல் ஓடியிருந்தது, எந்தக் குறைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது, எவற்றைக் கவனிக்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். தயாரிப்பாளர் திரும்ப அழைத்தும் சரிசெய்யப்படாத பாதுகாப்புக் குறை ஏதேனும் இருந்தால் அதையும் அதே இடத்தில் பார்க்கலாம். பழைய கார் வாங்குபவருக்கு இதைவிடப் பயனுள்ள இலவச உதவியை நான் கண்டதில்லை.

எம்ஓடி சோதனை 1960இல், பத்து ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்காகத் தொடங்கியது. 1967 முதல் மூன்று ஆண்டு நிறைந்த கார்களுக்கும் கட்டாயமாயிற்று. இணையத்தில் கிடைக்கும் பதிவுகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றுக்கு 2005 முதலும், நான்காம் ஆண்டில் முதல் சோதனை நடக்கும் வட அயர்லாந்துக்கு 2017 முதலும் உள்ளன. ஆகவே இன்று சந்தைக்கு வரும் பெரும்பாலான பழைய கார்களின் சோதனை வரலாறு முதல் சோதனையிலிருந்தே நம் கைக்குக் கிடைக்கிறது.

பக்கத்தில் புதிய சோதனை மேலேயும் பழையது கீழேயும் இருக்கும். பலர் மேலே உள்ள ஒன்றை மட்டும் பார்த்து, வண்டி தேறியிருக்கிறது என்று மனம் நிறைந்து மூடிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிதான் இந்தப் பக்கத்தில் மிகக் குறைவாகச் சொல்லும் வரி. கீழிருந்து மேலாக, ஆண்டு வரிசையில் வாசிக்க வேண்டும். அப்போதுதான் காரின் நிலை மட்டுமல்லாமல், அதை வைத்திருந்தவர் அதற்காகச் செலவு செய்தாரா, தள்ளிப்போட்டே வந்தாரா என்பதும் தெரியவரும். எனக்கு இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு அதில்தான் இருக்கிறது.

அதற்குத் துணை நிற்பவை, சோதகர் எழுதிவைக்கும் எச்சரிக்கைக் குறிப்புகள். அண்மையில் நான் பார்த்த ஒரு டீசல் காரின் பதிவில், ஓர் ஆண்டு பின்பக்க பிரேக் குழாயில் லேசான துரு என்று எழுதியிருந்தது. அடுத்த ஆண்டு அதே குழாய் துருப்பிடித்திருக்கிறது, கிரீஸ் பூசி மூடப்பட்டிருக்கிறது என்றிருந்தது. அதற்கடுத்த ஆண்டு அந்தக் குறிப்பே இல்லை. குழாயை மாற்றியிருந்தால் அதற்கான பில் இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் வேறொரு சோதகர் அதை எழுதாமல் விட்டிருக்கலாம், துருவோ அங்கேயேதான் இருக்கும். விற்பவரிடம் கேட்பதற்கு இதைவிடத் துல்லியமான கேள்வி வேறு கிடைக்காது.

டயர் பற்றிய குறிப்புகளையும் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. டயர் தேய்வது இயல்பு. ஆனால் முன்பக்க இடது டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது என்ற வரி, டயர் மாற்றிய பிறகும் மறுபடி மறுபடி வந்தால், பழுது டயரில் இல்லை; சக்கரங்களின் அலைன்மென்ட் தவறியிருக்கலாம், அல்லது எங்கோ மோதியதில் சஸ்பென்ஷன் பாகம் ஒன்று வளைந்திருக்கலாம். அடிப்பாகத்தில் துரு என்ற குறிப்பு ஆண்டுக்கு ஆண்டு இடமும் அளவும் கூடிக்கொண்டே போனால், அந்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் விலகிவிடுவேன். அடியில் பிளாஸ்டிக் மூடி இருந்ததால் சில பாகங்களைப் பார்க்க இயலவில்லை என்ற வரியும் கவனத்துக்குரியது. சோதகர் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. அந்த மூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதற்கு அவருடைய சான்றிதழ் பொறுப்பேற்காது.

2018 மே 20 முதல் குறைகள் ஆபத்தானவை, பெரியவை, சிறியவை எனப் பிரிக்கப்படுகின்றன; முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி தேறாது. அதற்கு முந்தைய பதிவுகளில் இந்தப் பிரிவினை இல்லாததால், சொல்லின் கடுமையை வைத்து இரு காலத்தையும் ஒப்பிட முடியாது. தேறாத சோதனையைக் கண்டு மிரளவும் வேண்டாம். பிரேக் குழாய்க்காகத் தேறாமல், சில நாளில் மறுசோதனையில் தேறிய வண்டிக்கு யாரோ பணம் செலவழித்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் முதல் முறையே தேறி, அதே நான்கு எச்சரிக்கைகளை வரிசையாகச் சுமந்துவரும் வண்டிக்கு அந்தச் செலவை நீங்கள்தான் செய்யப்போகிறீர்கள்.

மைல் கணக்கைப் பொறுத்தவரை, எண் குறைகிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். ஓர் ஆண்டு மட்டும் குறைந்து மறு ஆண்டு பழைய போக்குக்கே திரும்பினால் அது தட்டச்சுப் பிழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குறைந்த எண்ணிலிருந்தே மேற்கொண்டு தொடர்ந்தால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் அல்லது மாற்றியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டியானால் மைலா கிலோமீட்டரா என்றும் பார்க்க வேண்டும். இதற்கு மேலும் ஒன்று உண்டு: மிகக் குறைவாக ஓடியதும் எப்போதும் நற்செய்தி ஆகாது. ஆண்டுக்குச் சில நூறு மைல் மட்டுமே, அதுவும் ஊருக்குள்ளேயே ஓடிய டீசல் காரில் புகை வடிகட்டி அடைபட்டுக்கொள்ளும். அதைச் சரிசெய்வது பெருஞ்செலவு.

சோதனைத் தேதிகளுக்கு இடையே நீண்ட இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள். முறைப்படி அறிவித்துவிட்டு வண்டியைச் சாலையில் ஓட்டாமல் நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் மைல் எண் அசையாமல் இருக்க வேண்டும். 2020இல் மட்டும் இதற்கு விலக்குத் தரலாம்: கொரோனா காலத்தில், மார்ச் 30 முதல் ஜூலை இறுதி வரை சோதனைக்குரிய கார்களுக்கு ஆறு மாத நீட்டிப்பு கிடைத்தது.

சேவையின் எல்லைகளையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். எம்ஓடி சோதனையில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் உள்நிலை பார்க்கப்படுவதில்லை. கார் விபத்தில் சிக்கிக் காப்பீட்டு நிறுவனத்தால் கழிக்கப்பட்டதா, திருட்டு வண்டியா, அதன் மேல் கடன் நிலுவை உள்ளதா என்பதும் இங்கே வராது. இவற்றுக்குக் கட்டணச் சேவைகளே வழி. கடன் தீராத காரை வாங்கி இழப்பதோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் ஒன்றுமேயில்லை. சான்றிதழ் என்பது சோதனை நடந்த நாளின் நிலைக்கு மட்டுமே என்பதால், விற்பனைக்கென்றே முந்தின வாரம் எடுத்த புதுச் சான்றிதழும் அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு உறுதி ஆகாது. எனக்கு இருக்கும் குறை வேறொன்று: ஆண்டுதோறும் திரும்ப வரும் குறிப்புகளை ஒன்றாகத் தொகுத்துக் காட்டும் வசதி பக்கத்தில் இல்லை. அந்த உழைப்பை வாங்குபவரிடமே விட்டிருக்கிறார்கள்.

எந்தெந்த கராஜில் சோதனை நடந்தது என்பதையும் பார்க்கலாம். ஆனால் அதற்கு வி5சி என்னும் பதிவுப் புத்தகத்தில் உள்ள பதினொரு இலக்க எண் தேவை. ஆண்டுக்கணக்கில் ஒரே கராஜுக்குப் போன கார், எச்சரிக்கைகள் குவிந்த மறு ஆண்டு தொலைவான வேறோர் ஊருக்குப் போய்க் குறிப்பே இல்லாமல் தேறியிருந்தால், அந்தக் கடைசிச் சோதனையை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இந்த எண்ணை மோசடிக்குப் பயன்படுத்துவோர் இருப்பதால் விற்பவர் தொலைபேசியில் தரத் தயங்குவது நியாயம்தான். வண்டியைப் பார்க்கப் போகும்போது புத்தகத்தை நேரில் காட்டச் சொல்லி, அங்கேயே கைபேசியில் எண்ணை இட்டுப் பாருங்கள். புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண், முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தெரியும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அதே வேளையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.