தொக்குக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர்: ஏஜென்டுக்கு 5-க்கு 1, சட்டத்துக்கு 4

மாமியாரின் மாங்காய்த் தொக்கையும் என் பருப்புப் பொடியையும் விற்றுப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தது 2023 கோடையில். பக்கத்து அப்பார்ட்மெண்டில் மாதக் கடைசி ஞாயிறு ஸ்டால் போட இடம் தருகிறோம் என்றார்கள், ஆனால் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் நம்பர் இல்லாதவர்களுக்கு மேசை கிடையாதாம். "ஏன்த்தா, ஊறுகா போடுறதுக்கும் கவர்மெண்ட்டக் கேக்கணுமா?" என்றார் மாமியார். எனக்கும் பதில் தெரியவில்லை. மதுரையில் எங்கள் தெருமுனையில் "ஜிஎஸ்டி, பான், ஃபுட் லைசென்ஸ் ஒரே நாளில்" என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த ஒரு சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்துவிட்டேன். இந்த ரிவ்யூ அந்தச் சேவைக்கு. பெயர் போடப் போவதில்லை, இந்த மாதிரிக் கடை உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும்.

சென்டர்காரர் 2,500 ரூபாய் கேட்டார். ஆதார், ஒரு போட்டோ, அவ்வளவுதான். நான் என்ன சமைக்கிறேன், எங்கே சமைக்கிறேன், ஒரு கேள்வி கிடையாது. துண்டுச் சீட்டில் "கவர்மெண்ட் ஃபீஸ் 2,000, சர்வீஸ் 500" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் என்றது ஒரு வாரம் ஆகி, வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. நம்பர் வந்த சந்தோஷத்தில் அதை நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

படித்தது முதல் ஸ்டாலில், முறுக்கு விற்க வந்திருந்த அக்கா. "உனக்கு மேலூரா? தயாரிப்புன்னு போடாம சில்லறை விற்பனைன்னு போட்டிருக்கே?" என்றார். ஆதாரில் இருந்த எங்கள் பழைய வீட்டு முகவரியை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் என் தொக்கை யாரோ செய்து, நான் மேலூரில் உட்கார்ந்து விற்கிறேன். எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார், சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரசுக் கட்டணம் அப்போது வருஷத்துக்கு 100 ரூபாய். நூறு.

சென்டரில் போய்க் கேட்டதற்கு, "நம்பர் வந்திருச்சுல்ல மேடம், யாரு பாக்கப் போறா?" என்றார்கள்.

அப்புறம்தான் ரோஷம் வந்து உட்கார்ந்து படித்தேன். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் 31-ஆவது பிரிவு, தானே செய்து தானே விற்கும் சின்ன ஆட்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு செய்தால் போதும் என்கிறது. ஃப்ளெக்ஸில் இருந்த "ஃபுட் லைசென்ஸ்" எனக்கு வேண்டியதே இல்லை! நான் எடுத்த சமயத்தில் ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் இந்தப் பதிவுதான். 14 இலக்க எண் 1-இல் தொடங்கினால் லைசென்ஸ், 2-இல் தொடங்கினால் பதிவு. பாக்கெட் வாங்கும்போது பாருங்கள், வீட்டுச் சரக்கா ஃபேக்டரிச் சரக்கா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த விதி வேறு. விண்ணப்பித்த 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருகிறோம் என்று நோட்டீஸ் தர வேண்டும். மூன்றும் நடக்காவிட்டால் நீங்கள் பாட்டுக்குத் தொழிலைத் தொடங்கலாம். இப்படி நம் பக்கம் நின்று எழுதிய விதியை நான் அதிகம் பார்த்ததில்லை.

சமைக்கும் இடத்துக்கான நிபந்தனைகளும் இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிமுறைகளின் நாலாவது அட்டவணையில் இருக்கின்றன. குடிக்கத் தகுந்த தண்ணீர், மூடி போட்ட குப்பைத்தொட்டி, தொற்றுநோய் உள்ளவர் உணவைத் தொடக் கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும். மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "இதத்தான நான் நாப்பது வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்" என்று என் நகத்தைப் பார்த்தார்.

இந்தப் பதிவுக்கான அரசு இணையதளமான ஃபோஸ்காஸில் இப்போதைய வீட்டு முகவரிக்கு, தயாரிப்பாளர் என்று தேர்ந்தெடுத்து நானே புதிதாக விண்ணப்பித்தேன். செலவு 100 ரூபாய், ஒரு மதியம். தொழில் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏஜென்ட் வழுக்கி விழுந்தது அங்கேதான்.

இதில் சித்தப்பா கதையையும் சொல்ல வேண்டும். அலங்காநல்லூர் பக்கம் தோட்டம், மதுரை அண்ணாநகர் உழவர் சந்தையில் விவசாயி அட்டை வைத்து விற்பவர். 1999 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்த இடம் அதுதான். அவருடைய கத்தரிக்காய்க்கும் நிலக்கடலைக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ எதுவும் வேண்டாம், விவசாயி கையில் இருக்கும் வரை விளைபொருளை இந்தச் சட்டம் தொடுவதில்லை. ஆனால் அதே கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கப் போனால் அவரும் தயாரிப்பாளர், பதிவு வேண்டும். கேனிலிருந்து அளந்து ஊற்றி விற்கவும் கூடாது, பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்ட வேண்டும். "கடல என்னுது, எண்ணெ மட்டும் யாருது?" என்கிறார். நியாயமான கேள்விதான், ஆனால் கலப்பட எண்ணெய் எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்த எனக்கு இந்த விதியில் குறை சொல்ல மனசு வரவில்லை.

சட்டத்துக்கு ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன் என்றால், அந்த நம்பரைப் பார்த்ததும் "கவர்மெண்டே டெஸ்ட் பண்ணிருக்கு" என்று வாங்குபவர்கள் நம்புகிறார்கள். என் தொக்கை யாரும் டெஸ்ட் செய்யவில்லை. நான் யார், எங்கே சமைக்கிறேன் என்று அரசுக்குத் தெரியும், அவ்வளவுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். உப்பு, எண்ணெய், பாட்டிலை வெயிலில் காய வைத்தது எல்லாம் எங்கள் பொறுப்பு.

சர்வீஸ் சென்டருக்கு அந்த ஒரு ஸ்டாரும் ஃபேன் ஓடியதற்கு. அடுத்த வருஷம் அவர்களிடமிருந்து மெசேஜ் வந்தது: "மேடம், ரெனியூவல் டேட் வந்துருச்சு, உங்களுக்கு 1,800 மட்டும்." எதற்கு என்று பார்த்தால், மேலூர் முகவரிக்கு.