2006 எஃப்-150க்குப் பழைய பார்ட்ஸ்: 2008இல் எடுப்பதா, 2012இல் எடுப்பதா?

என் ஃபோர்டு எஃப்-150 பிக்கப், 2006 மாடல். பின் ஆக்சில் (பின்சக்கரங்களைச் சுழற்றும் அச்சு) ஊளையிட ஆரம்பித்தபோது, பிரித்துப் போட்ட இரண்டு வண்டிகளின் ஆக்சில்கள் கிடைத்தன. ஒன்று 2008, மற்றது 2012. நான் எடுத்தது 2008. இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

2012இன் கவர்ச்சி தெரிந்ததுதான்: ஓட்டம் குறைவு, துரு குறைவு. சக்கரத்துக்கு 6 ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்), அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 135 மி.மீ. என்பது 2004 முதல் மாறவில்லை. அதனால் "மாட்டிவிடலாம்" என்பார்கள். (2003 வரை 5 ஸ்டட். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.)

மாட்டிய பிறகு என்ன என்பதுதான் என் கேள்வி. 2004 முதல் 2008 வரை ஒரு தலைமுறை, 2009இல் அடுத்தது. பார்ட்ஸ் கடையில் கேட்பது வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை. அதன் 10ஆவது இடம் மாடல் ஆண்டு: என் வண்டிக்கு '6', 2012க்கு 'சி'. ஆக்சிலோடு 2012 பிரேக்கும் வந்துவிட்டால், என் எண்ணைப் பார்த்து எடுத்துத் தரும் பிரேக் பேட், அதைப் பிடித்திருக்கும் காலிப்பரில் உட்காரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, பழைய பேடையும் புதியதையும் முதுகோடு முதுகாக வைத்துப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். டிஸ்க், சீல், ஏபிஎஸ் சென்சார் என்று ஒவ்வொன்றுக்கும் இதே பாடு. நாமே வேலை பார்த்தால் ஞாபகம் இருக்கும். வேறு மெக்கானிக்கிடம் விட்டால்? வண்டியையே விற்றால், வாங்கியவர் யாரைப் போய்க் கேட்பார்? 2008 ஆக்சிலில் இந்தத் தலைவலி வெகு குறைவு. பார்ட் நம்பரை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

ஒரே தலைமுறை என்றாலும் கியர் விகிதத்தை (சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை) பார்க்காமல் வாங்கக் கூடாது. டிரைவர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் ஆக்சில் குறி இருக்கும்: 19 அல்லது எச்9 என்றால் 3.55, 26 அல்லது பி6 என்றால் 3.73. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்னால் ஒரு விகிதம், பின்னால் வேறு விகிதம் என்று போட்டால், தார் ரோட்டில் 4x4 போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும்.

ரிம் விஷயத்தில் மட்டும் புது மாடலுக்கு என் ஓட்டு. 2015க்குப் பிந்தைய ரிம்கூட இந்த ஹப்பில் உட்காரும். ஆனால் அதோடு வரும் நட்டைத் தொடாதீர்கள். 2015 முதல் ஸ்டட் மரை 14x1.5 (விட்டம், மரை இடைவெளி, மி.மீ.இல்), நம்முடையது 14x2.0. கையால் திருகினால் கொஞ்சம் ஏறி, சட்டென்று இறுகும். அங்கே ஏர் கன்னை வைத்தால் ஸ்டட் போச்சு. பழைய நட்டையே போடுங்கள்.

எஞ்சினை நான் மாற்றிப் பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். 2011இல் எஞ்சின் வரிசையே மாறி, 5.4 லிட்டர் போய் 5.0 வந்தது. 2012 எஞ்சினை 2006க்குள் இறக்க வேண்டுமென்றால் அதன் கம்ப்யூட்டரும் வயரிங்கும் சேர்ந்தே வர வேண்டியிருக்கும். அதற்கு முழு 2012 வண்டியையே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது.